சிறிய கீழ்த்தாடை, பின்னே சரியும் நாக்கு: குழந்தையைக் குப்புறப் படுக்க வைத்தால் மட்டும் போதுமா?

கேள்வி: தருமபுரித் தாய்

அனைவருக்கும் வணக்கம். எனக்கு முதல் குழந்தை, பெண். நிறைமாதத்தில் சுகப்பிரசவமாகப் பிறந்து ஐந்து வாரம் ஆகிறது. பிறந்த உடனேயே கீழ்த்தாடை மிகச் சிறியதாக இருப்பதையும், பக்கவாட்டில் பார்த்தால் கீழுதட்டுக்கு அடியில் முகவாய் சட்டென்று கழுத்தை நோக்கி உள்வாங்கிவிடுவதையும் செவிலியர் கவனித்துச் சொன்னார். வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தபோது மேலண்ணத்தின் பின்பகுதியில் அகலமான பிளவும் இருந்தது. டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் ‘பியர் ராபின் சீக்வென்ஸ்’ என்று எழுதி, நாக்கு பின்னால் சரிந்து மூச்சை அடைக்கும் என்பதால் குப்புறவோ ஒருக்களித்தோ படுக்க வைக்கும்படி சொல்லி அனுப்பினார்கள்.

என் குழப்பம் இதுதான். மருத்துவமனையில் கொடுத்த அதே உறைக்குள் இருந்த கையேடு, குழந்தையை மல்லாந்துதான் தூங்க வைக்க வேண்டும், குப்புறப் போட்டால் தூக்கத்திலேயே உயிருக்கு ஆபத்து நேரலாம் என்கிறது. இரண்டில் எதைக் கேட்பது? குப்புறப் போட்டாலும் ஆழ்ந்து தூங்கும்போது குறட்டை வருகிறது. சில நேரம் அந்தக் குறட்டை நின்று, பிறகு திடுக்கிட்டு விழித்து அழுகிறாள். பாலைப் பீய்ச்சிப் பாலாடையில் புகட்டுகிறேன். 40 மில்லி இறங்க முக்கால் மணி நேரம் ஆகிறது. பிறந்தபோது 2.8 கிலோ இருந்தாள், இப்போது சரியாக 3 கிலோ.

வீட்டில் தூளி கட்டச் சொல்கிறார்கள். குளிப்பாட்ட வரும் பாட்டி, எண்ணெய் தடவி முகவாயைத் தினமும் முன்னால் இழுத்து நீவினால் மூன்று மாதத்தில் தாடை வந்துவிடும் என்கிறார். முதலில் பார்த்த மருத்துவர் தாடை தானாக வளரும் என்றார். இன்னொரு மருத்துவமனையில் எலும்பை அறுத்து நீட்ட வேண்டியிருக்கலாம் என்றார்கள். விவரம் அறிந்தவர்கள் வழிகாட்டுங்கள்.

பதில்: நாமக்கல் வாசகர்

சகோதரி, என் அக்கா மகனும் பால் குடிக்க இப்படித்தான் சிரமப்பட்டான். நாக்கின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்த சவ்வை மருத்துவர் சிறிதாகக் கத்தரித்துவிட்டார். மறுநாளே நன்றாகக் குடித்தான். ஐந்து நிமிட வேலை. உங்கள் குழந்தைக்கும் நாக்கு ஒட்டியிருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

பதில்: ஓய்வுபெற்ற குழந்தை மருத்துவர், கோவை

அன்புள்ள சகோதரிக்கு, மற்றவை பிறகு. முதலில் எடையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அதுதான். பிறந்த முதல் வாரத்தில் குழந்தையின் எடை சற்றுக் குறைந்து, இரண்டு வாரத்துக்குள் பழைய நிலைக்கு வந்துவிடும். அதன்பின் நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் வரை ஏற வேண்டும். அந்தக் கணக்கில் உங்கள் மகள் இப்போது 3.2 கிலோவையாவது தொட்டிருக்க வேண்டும். பால் போதவில்லை என்று மட்டும் இதற்குப் பொருள் கொள்ளாதீர்கள். ஒவ்வொரு மூச்சையும் இழுத்து வாங்கும் குழந்தை, உடம்பில் சேர வேண்டிய சக்தியை மூச்சுக்கே செலவழித்துவிடுகிறது. குறட்டை, குறட்டை நின்றபின் திடுக்கிட்டு விழிப்பது, முக்கால் மணி நேரப் பால், ஏறாத எடை ஆகிய நான்கும் சேர்ந்து ஒன்றையே சொல்கின்றன: குப்புறப் படுக்க வைப்பது உங்கள் குழந்தைக்குப் போதவில்லை. அடுத்த தடுப்பூசித் தேதிவரை காத்திருக்காமல், பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவும், குழந்தைகளின் காது மூக்கு தொண்டை நிபுணரும் உள்ள பெரிய மருத்துவமனைக்கு நாளையே அழைத்துச் செல்லுங்கள்.

இனி, இது எதனால் வருகிறது என்பதைச் சொல்கிறேன். பாரிஸைச் சேர்ந்த வாய்நோய் மருத்துவர் பியர் ராபின், நாக்கின் அடிப்பகுதி பின்னால் சரிந்து மூச்சை அடைப்பதைப் பற்றி 1923ஆம் ஆண்டு எழுதியதால் அவர் பெயர் இதற்கு நிலைத்துவிட்டது. அவருக்கு முன்பே இத்தகைய குழந்தைகளைப் பற்றி வேறு சிலரும் எழுதியிருக்கிறார்கள். தாடை, நாக்கு, அண்ணம் என்று மூன்று குறைகள் தனித்தனியே வந்து சேர்ந்ததாக நினைக்க வேண்டாம். தொடக்கம் பெரும்பாலும் தாடையில்தான். கருவில் ஏழு முதல் பத்து வாரங்களுக்குள் கீழ்த்தாடை முன்னோக்கி வளர வேண்டும். வளர்ந்தால்தான் நாக்கு கீழே இறங்கி, அதன் இருபுறமும் இருக்கும் அண்ணத் தகடுகள் நடுவில் வந்து கூட இடம் கிடைக்கும். தாடை பின்தங்கினால் நாக்கு மேலேயே தங்கிவிடுகிறது. தகடுகள் கூட முடிவதில்லை. நீங்கள் டார்ச் வெளிச்சத்தில் கண்ட அந்த அகன்ற பிளவு அப்படி உண்டானது. பிறந்த பின்பும் அதே கதைதான் தொடர்கிறது. நாக்கை முன்னால் இழுத்துப் பிடிக்கும் முக்கியத் தசை முகவாயின் உட்புறத்தில்தான் பற்றியிருக்கிறது. முகவாய் பின்னால் இருந்தால் நாக்கும் பின்னால்தான் இருக்கும். விழித்திருக்கும்போது தசைகள் விறைப்பாக இருந்து ஓரளவு சமாளிக்கும். தூக்கத்தில் அவை தளர்ந்ததும் நாக்கு தொண்டையின் பின்சுவரில் போய் அடைக்கிறது. பிறந்த முதல் நாட்களில் நன்றாக இருந்த குழந்தைக்கு இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் சிரமம் கூடுவதும் உண்டு. ஆகவே, பிறந்தபோது ஆக்ஸிஜன் அளவு சரியாக இருந்தது என்பதை மட்டும் வைத்து இப்போது ஆறுதல் கொள்ள முடியாது.

மல்லாந்தா, குப்புறவா என்ற கேள்விக்கு வருகிறேன். கையேட்டில் உள்ளது சரியே. மூச்சுப்பாதையில் குறை இல்லாத எல்லாக் குழந்தைகளும் முதல் ஒரு வருடம் மல்லாந்துதான் தூங்க வேண்டும், அப்படித் தூங்க வைக்கத் தொடங்கிய நாடுகளில், குழந்தை தூக்கத்திலேயே திடீரென்று இறந்துபோகும் ‘தொட்டில் மரணங்கள்’ வெகுவாகக் குறைந்தன. ஆனால் உங்கள் மகளைப் போன்ற குழந்தைகள் அந்த விதிக்கு விலக்கு. குப்புறப் போட்டால் நாக்கு தன் எடையாலேயே முன்னால் விழுந்து வழி விடுகிறது. அதற்காகக் குப்புறப் படுப்பதில் உள்ள ஆபத்து இவளுக்கு இல்லாமல் போய்விடவில்லை. ஆகையால்தான் கண்காணிப்பு இன்றி இதை வீட்டுக்கு எழுதிக்கொடுப்பதை நான் ஒருபோதும் ஏற்பதில்லை. சமமான, கெட்டியான படுக்கை. தலையணையோ பஞ்சு மெத்தையோ கூடாது. குழந்தையின் பாதத்தில் பொருத்தும் உணரியுள்ள ஆக்ஸிஜன் கண்காணிப்புக் கருவி அருகில் இருக்க வேண்டும். கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கிவைத்த, பெரியவர்களின் விரலில் மாட்டும் கருவி இதற்கு உதவாது. அந்தச் சின்ன விரலில் அது காட்டும் எண்ணை நம்பவும் வேண்டாம். குப்புறப் படுத்து இவள் உண்மையிலேயே நன்றாக மூச்சு விடுகிறாளா என்பதை இரவு முழுவதும் செய்யும் உறக்க ஆய்வும், கரியமிலவாயு தேங்குகிறதா என்று பார்க்கும் இரத்தப் பரிசோதனையும்தான் சொல்ல முடியும்.

ஒன்றை மட்டும் வீட்டில் உள்ள அனைவருக்கும் சொல்லிவையுங்கள். குறட்டைச் சத்தம் கேட்கிறது என்றால் காற்று கொஞ்சமாவது போகிறது. நெஞ்சும் வயிறும் ஒன்று ஏற ஒன்று இறங்க என்று அசைந்துகொண்டே இருக்க, சத்தம் மட்டும் அடங்கிவிட்டால் ‘அப்பாடா, தூங்கிவிட்டாள்’ என்று எண்ணிவிடக் கூடாது. அது அடைப்பு முழுமையான நேரம். உடனே எடுத்து, முகம் தரையைப் பார்க்கும்படி முன்கையில் குப்புறத் தாங்க வேண்டும். உதடு நீலம் பாய்ந்தாலோ, துவண்டாலோ 108ஐ அழையுங்கள்.

நாமக்கல் நண்பர் நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருக்கிறார், ஆனால் அவர் சொன்னதை இந்தக் குழந்தைக்குச் செய்யவே கூடாது. நாக்கு ஒட்டியிருப்பது மூச்சை அடைப்பதில்லை. மாறாக, பின்னே சரியும் நாக்கு உள்ள குழந்தைக்கு அடிச்சவ்வைக் கத்தரித்தால், நாக்கை முன்னால் பிடித்துவைக்கும் ஒரு கட்டும் அறுந்து, அடைப்பு மோசமாகலாம்.

பதில்: பச்சிளங்குழந்தைப் பிரிவுச் செவிலியர், மதுரை

அன்புத் தங்கைக்கு, மருத்துவர் ஐயா சொன்னதற்கு மேல் நான் சேர்ப்பவை வீட்டுக்குள் நடக்கும் விஷயங்கள்.

தூளி கட்டவே வேண்டாம். சேலைத் தூளியில் குழந்தையின் முதுகு வளைந்து, முகவாய் நெஞ்சில் போய் அழுந்தும்; நல்ல தாடை உள்ள குழந்தைக்கே அது இறுக்கம், உங்கள் மகளுக்கு மூச்சை அடைக்கும் நிலை அதுதான். மடியிலோ சாய்வு நாற்காலியிலோ கூனிக் குறுகி உட்கார்த்தி வைப்பதற்கும் இது பொருந்தும்.

குளியலைப் பொறுத்தவரை பாட்டியின் மனம் நோகாமல் நீங்களே பொறுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையை மல்லாத்திப் போட்டு, தலையைப் பின்னால் சாய்த்துத் தண்ணீர் ஊற்றுவது, சளி எடுக்கிறேன் என்று தொண்டைக்குள் விரல் விடுவது, மூக்கில் எண்ணெய் விட்டு ஊதுவது, கடைசியில் சாம்பிராணிப் புகை காட்டுவது எல்லாமே இவளுக்கு ஆபத்து. அண்ணத்தில் பிளவு இருப்பதால் விரல் பட்டால் புண்ணாகும். மூக்கில் விடும் எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வரும். முகவாயை இழுத்து நீவுவதால் எலும்பு வளராது. உடம்புக்கு எண்ணெய் தேய்த்து, வெதுவெதுப்பான துணியால் ஒருக்களித்த நிலையில் துடைத்தெடுத்தால் போதும்.

பாலாடையில் புகட்டும்போது குழந்தையை நன்றாக நிமிர்த்தி, தலையும் முதுகும் ஒரே நேராக இருக்கும்படி பிடியுங்கள். பாலாடையின் மூக்கை வாயின் ஓரத்தில் வைத்துச் சிறிது சிறிதாகச் சாய்க்க வேண்டும். ஒரு மடக்கு இறங்கி, ஒரு மூச்சு வாங்கிய பிறகே அடுத்தது. அண்ணப் பிளவு உள்ள குழந்தையால் வாய்க்குள் உறிஞ்சும் இழுவையை உண்டாக்க முடியாது, அதனால் தாய்ப்பாலை நேரடியாகக் குடிக்க முடியாததில் உங்கள் குறை எதுவும் இல்லை. பால் கொஞ்சம் மூக்கு வழியாக வருவதும் இயல்புதான். ஆனால் அரை மணி நேரத்துக்கு மேல் புகட்டிக்கொண்டிருந்தால் குடித்ததைவிட உழைத்தது அதிகமாகிவிடும். எங்கள் பிரிவில் அந்த எல்லையைத் தாண்டினால் மீதியை மூக்கு வழியே வயிற்றுக்குப் போகும் மெல்லிய குழாயில் கொடுத்துவிடுவோம். அந்தக் குழாயைப் பார்த்துப் பயப்படும் தாய்மார்கள், எடை ஏறத் தொடங்கியதும் அதை எடுக்கவே யோசிப்பார்கள்.

மூச்சுக்கும் ஒரு குழாய் உண்டு. மூக்கின் ஒரு துவாரம் வழியாக நுழைந்து, நாக்கின் அடிப்பகுதியைத் தாண்டி, குரல்வளைக்குச் சற்று மேலே முடியும்படி அளந்து வெட்டிய மென்மையான குழாய். நாக்கு சரிந்தாலும் காற்று அதன் வழியே போய்விடும். இடையிடையே சளியை உறிஞ்சி எடுப்பது, கன்னத்தில் ஒட்டிய பிளாஸ்திரியை மாற்றுவது, குழாய் அடைத்தால் கழற்றி மாற்றுக் குழாயைச் செருகுவது ஆகியவற்றைக் கற்றுக்கொண்டு, இதோடு வீட்டுக்குப் போய்ச் சில மாதங்கள் சமாளிக்கும் பெற்றோர் உண்டு. அறுவைச் சிகிச்சை என்ற பேச்சுக்கு முன்னால் இதைப் பற்றிக் கேளுங்கள்.

இன்னொன்று: சளி, இருமல் என்றால் தூக்கம் வரவைக்கும் சிரப் எதையும் கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள். தூக்கம் ஆழமானால் நாக்கு இன்னும் சரியும்.

கேள்வி கேட்டவர்: தருமபுரித் தாய்

ஐயாவுக்கும் அக்காவுக்கும் மிக்க நன்றி. நாளைக் காலையே கிளம்புகிறோம். தாடை நீட்டும் அறுவைச் சிகிச்சையைப் பற்றி அனுபவம் உள்ளவர்கள் யாராவது சொல்ல முடியுமா? தாடை தானாக வளரும் என்பது உண்மையானால் ஏன் அறுக்க வேண்டும் என்று கணவர் கேட்கிறார். கூடவே ஒன்று, கிரகணத்தன்று நான் வெளியே வந்ததால்தான் அண்ணம் பிளந்தது என்று உறவினர்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள்.

பதில்: ஒரு தந்தை, திருநெல்வேலி

சகோதரி, என் மகனுக்கும் இதே குறைதான். இப்போது பள்ளிக்குப் போகிறான். கிரகணப் பேச்சை எங்கள் வீட்டிலும் கேட்டோம். மரபணு ஆலோசகரோ, எங்கள் ஊரில் கிரகணம் தெரிந்த நாளையும் கரு உருவான வாரங்களையும் காகிதத்தில் எழுதி, அண்ணம் கூடும் காலம் அதற்கு முன்பே முடிந்துவிட்டது என்று என் தாயாருக்கே காட்டிவிட்டார். அதன்பின் அந்தப் பேச்சு ஓய்ந்தது.

தாடை வளரும் என்பது பொய் அல்ல. முதல் ஒன்றிரண்டு வருடங்களில் பல குழந்தைகளுக்கு அது நன்றாகவே வளர்கிறது. முழுதாக மற்றவர்களுக்கு இணையாக வருமா என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. ஆனால் கேள்வி அதுவல்ல என்பதை எங்கள் அறுவை மருத்துவர் புரியவைத்தார். வளரும்வரை இடைப்பட்ட மாதங்களில் குழந்தை எப்படி மூச்சு விடும், மூளைக்கு ஆக்ஸிஜன் எப்படிப் போகும் என்பதுதான் கேள்வி. குப்புறப் படுப்பதோ மூக்குக் குழாயோ அந்த மாதங்களைக் கடத்திவிடும் என்றால் அறுவை தேவையில்லை. எங்களுக்கு இரண்டும் போதவில்லை.

எலும்பை அறுத்து மெல்ல மெல்ல நீட்டும் இந்த முறை முதலில் கால் எலும்புகளுக்காக ரஷ்யாவின் குர்கான் நகரில் இலிசரோவ் என்ற மருத்துவரால் வளர்க்கப்பட்டது. பிறவியிலேயே சிறுத்த கீழ்த்தாடைக்கு இதைப் பயன்படுத்தியதை நியூயார்க்கைச் சேர்ந்த மக்கார்த்தி குழுவினர் 1992இல் வெளியிட்டார்கள். தாடை எலும்பை இருபுறமும் அறுத்து ஒரு திருகுக் கருவியைப் பொருத்துவார்கள். நாளொன்றுக்கு 1 முதல் 2 மில்லிமீட்டர்வரை அந்தத் திருகைத் திருப்ப, விலகும் இடைவெளியில் புதிய எலும்பு ஊறிவரும். என் மகனுக்குக் காலையிலும் மாலையிலும், காதுக்குப் பின்னால் தோலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கம்பியின் முனையில் சிறு சாவியைச் செருகி அரைச்சுற்று திருப்புவார்கள். அவன் அழுததைவிட நாங்கள் அழுததுதான் அதிகம். தாடை முன்னே வர, நாக்கும் கூடவே வந்தது. பிறகு எலும்பு கெட்டிப்படச் சில வாரங்கள் விட்டு, இன்னொரு சிறிய அறுவையில் கருவியை எடுத்தார்கள். இழப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன்: இரு பக்கமும் தழும்பு இருக்கிறது, பின்கடைவாய்ப் பல் ஒன்று முளைக்கவில்லை. முகத்தசை நரம்பு பாதிக்கப்படும் வாய்ப்பையும் முன்பே சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள். ஆனால் தொண்டையில் துளையிட்டு மூச்சுக்குழாய் வைக்கும் நிலையைத் தவிர்த்தோம்.

அறுவைக்கு ஒப்புக்கொள்ளும் முன் கட்டாயம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. மூக்கு வழியே கேமரா விட்டுக் குரல்வளைவரை பார்த்தார்களா? சில குழந்தைகளுக்கு நாக்கோடு குரல்வளையும் தொளதொளத்திருக்கும். அப்படியானால் தாடையை மட்டும் நீட்டிப் பயனில்லை.

அடுத்தது கண். இந்தக் குழந்தைகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு வேறு மரபணுக் கோளாறும் உடன் இருக்கும். அவற்றில் அதிகம் காணப்படுவது, கண்ணையும் பாதிக்கும் ஸ்டிக்லர் என்ற கோளாறு. என் மகனுக்கு அதுதான். ஒரு வயதுக்குள்ளேயே கடுமையான கிட்டப்பார்வை தெரிந்தது; விழித்திரை கழன்றுவிடும் ஆபத்து இருப்பதால் ஆண்டுதோறும் பார்க்கிறோம். முகத்தையே எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்ததில் கண்ணைப் பற்றி யாரும் முதலில் எங்களிடம் பேசவில்லை. அண்ணப் பிளவால் காதில் நீர் தேங்கும் என்பதால் செவித்திறன் பரிசோதனையையும் விட்டுவிடாதீர்கள்.

செலவுக்கு, மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் பதிவு செய்யுங்கள். 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில் அண்ணப் பிளவு பட்டியலில் உள்ளது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

பதில்: யாழ்ப்பாண வாசகி

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். என் தம்பியின் குழந்தைக்குத் தாடை சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் நாக்கு மிகப் பெரியது. எப்போதும் வாய்க்கு வெளியே நிற்கிறது, தூங்கும்போது குறட்டை வருகிறது. பிறந்தபோது சர்க்கரை குறைந்ததென்று இரண்டு நாள் ஏற்றினார்கள். தொப்புளும் பிதுங்கியிருக்கிறது. இதுவும் அதே நோயா?

பதில்: ஓய்வுபெற்ற குழந்தை மருத்துவர், கோவை

அம்மா, அது வேறு. மூச்சு அடைபடும் இடம் ஒன்றாக இருந்தாலும் காரணம் எதிர்மாறானது. அங்கே இடம் போதவில்லை, இங்கே நாக்கே பெரிது. நாக்குப் பெருத்த எல்லாக் குழந்தைகளுக்கும் தைராய்டு குறைபாட்டை முதலில் பார்த்துவிட வேண்டும். அது மருந்தால் சரியாகக்கூடியது, தாமதித்தால் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. ஆனால் பிறந்தவுடன் சர்க்கரை குறைவு, தொப்புள் பிதுக்கம், பெரிய நாக்கு மூன்றும் சேர்ந்தால் பெக்வித் வீடமன் என்ற கோளாறை நினைக்க வேண்டும். காதுமடலில் கீறல் போன்ற கோடுகள் இருக்கின்றனவா, ஒரு கை அல்லது கால் மற்றதைவிடப் பருமனாக இருக்கிறதா என்று பாருங்கள். இதை உறுதிசெய்வது நாக்குக்காக மட்டுமல்ல: இந்தக் குழந்தைகளுக்குச் சிறுநீரகத்திலும் ஈரலிலும் புற்றுக்கட்டி வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்பதால், ஏழு வயதுவரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன் செய்வது வழக்கம். கட்டி சிறிதாக இருக்கும்போதே பிடிபட்டால் பெரும்பாலும் குணமாகிறது. குழந்தை மருத்துவரிடம் இந்த மாதமே காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்: தருமபுரித் தாய்

எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று. நாளைப் பயணம் சில மணி நேரம் ஆகும். வண்டியில் அவளை எப்படி வைத்துக்கொள்வது?

பதில்: பச்சிளங்குழந்தைப் பிரிவுச் செவிலியர், மதுரை

வாடகைக் கார் வேண்டாம், தங்கை. 108ஐ அழைத்து, மூச்சுச் சிரமம் உள்ள பச்சிளங்குழந்தை என்று சொன்னால் ஆக்ஸிஜனும் உதவியாளரும் உள்ள வண்டி வரும். கிளம்பும் முன் அருகில் உள்ள அரசு மருத்துவமனையில் காட்டி, போகும் இடத்துக்கு அவர்களையே தொலைபேசியில் சொல்லச் சொல்லுங்கள். படுக்கை தயாராக இருக்கும். வழியெல்லாம் ஒருக்களித்தே கிடத்துங்கள், முகத்தைத் துணியால் மூடாதீர்கள், பக்கத்தில் இருப்பவர் தூங்கிவிடக் கூடாது. ஓடும் வண்டியில் பால் புகட்ட வேண்டாம்; நேரம் வந்தால் நிறுத்திப் புகட்டுங்கள். இறங்கியதும் அவசரப் பிரிவில் யார் கைநீட்டி வாங்கினாலும் முதலில் ‘தாடை சிறியது, மல்லாத்தினால் மூச்சு அடைக்கும்’ என்று சொல்லிவிட்டுக் கொடுங்கள். மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவரிடமும் இதையே தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இத்தகைய குழந்தைக்கு மூச்சுக்குழாய் செருகுவது கடினம்; அவர் அதற்கான கருவிகளை முன்கூட்டியே எடுத்துவைத்துக்கொள்வார்.